கோடு விழாத வாக்கியமும் தவறாக இருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தைப் பார்த்து, பிழைக்குக் கீழே கோடு போட்டுத் தானே திருத்தமும் சொல்லும் செயலிகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்கள் வரை கைப்பேசி வழியே வந்துவிட்டன. பத்தாம் வகுப்புப் பிள்ளை விடுப்புக் கடிதம் எழுதவும், பட்டம் முடித்தவர் ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கவும் இவற்றின் துணையை நாடுகிறார்கள். தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில், இவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதை உங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

செயலியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து அல்ல. நூற்றைம்பது சொல் உள்ள ஒரு கட்டுரையை ஒழுங்காகத் திருத்த ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் ஆகும். நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்புக்கு 200 நிமிடம்; இரண்டு பிரிவு என்றால் ஆறரை மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் பல பள்ளிகளில் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் ஒரு டிக்கும் தேதியும் மட்டும் விழுகின்றன. எழுதிய அன்றே ‘இந்த வரியைப் பார்’ என்று சொல்ல ஏதாவது ஒன்று இருப்பது பெரிய உதவி.

ஆனால் அந்த உதவி எவ்வளவு தூரம் போகும்? காவேரிப்பட்டணம் பக்கத்து மாணவர் ஒருவர் எழுதக்கூடிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

“மை அங்கிள் ஹேஸ் மேங்கோ கார்டன். லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் தேர். ஹி ஈஸ் ஹேவிங் டூ ஹண்ட்ரட் ட்ரீஸ். வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி ரேட். எஸ்டர்டே ஒன்லி ஹி சென்ட் மேங்கோஸ் டு பல்ப் ஃபேக்டரி.”

இதைச் செயலியில் போட்டால், முதல் வாக்கியத்தில் ‘மேங்கோ கார்டன்’ என்பதற்கு முன் ‘எ’ விடுபட்டதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ‘ஈஸ் ஹேவிங்’ (‘ஹேஸ்’ என்றாலே போதும்) என்பதையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ (இங்கே ‘அபவுட்’ தேவையில்லை) அநேகமாகத் தப்பாது. இப்படிக் கோடு விழுந்தவற்றையெல்லாம் தொட்டுச் சரிசெய்ததும் திரையில் கோடு எதுவும் இருக்காது. பத்தி சரியாகிவிட்டது என்று மாணவர் நினைப்பார்.

சரியாகவில்லை. ‘லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் தேர்’ அப்படியே நிற்கிறது. ‘போன வாரம் அங்கே போயிருந்தேன்’ என்று தமிழில் நினைத்ததன் நேர்ப்பெயர்ப்பு அது. தமிழில் ‘போயிருந்தேன்’ தனியாகவே நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ அப்படி நிற்காது. அதற்குப் பின் நடந்த இன்னொரு இறந்தகாலச் செயலைச் சார்ந்துதான் வரும். ‘நான் போய்ச் சேர்ந்தபோது பேருந்து கிளம்பியிருந்தது’ என்றால் ‘ஹேட் லெஃப்ட்’ பொருத்தம். வெறுமனே போன வாரம் போனதைச் சொல்ல ‘வென்ட்’ போதும். செயலிக்கு இது ஏன் தெரிவதில்லை என்றால், ‘ஐ ஹேட் கான் தேர்’ இலக்கணப்படி முழு வாக்கியம். பிழை அந்த வரியைச் சுற்றியுள்ள பொருளில்தான் இருக்கிறது.

‘எஸ்டர்டே ஒன்லி’ என்பதும் அதே கதைதான். ‘நேற்றுதான் அனுப்பினார்’ என்பதில் உள்ள ‘தான்’ என்ற அழுத்தத்தை ‘ஒன்லி’ என்று மாற்றியிருக்கிறார். வெளிநாட்டு வாசகர் அதை ‘நேற்று மட்டும் அனுப்பினார், மற்ற நாளில் இல்லை’ என்று புரிந்துகொள்ளக்கூடும். ‘கார்டன்’ என்றால் அவர் மனதில் பூந்தோட்டம் வரும். மாந்தோப்புக்கு ‘ஆர்ச்சர்ட்’ அல்லது ‘க்ரோவ்’ என்பதே சரி. (நம் தோப்பு என்ற சொல்லே ‘டோப்’ என்று ஆங்கிலேயர் காலத்து ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. இன்று அதை எழுதினால் புரிந்துகொள்பவர் குறைவு.)

ஆக, ஐந்து வரிப் பத்தியில் செயலி பிடித்தவற்றுக்கு ஈடாக அது பேசாமல் விட்டவையும் இருக்கின்றன. இந்த மௌனம் தற்செயலானது அல்ல. பிழைதிருத்தும் கருவி இரண்டு விதமாகத் தவறலாம்: சரியான வரியைத் தவறு என்று சொல்லலாம், அல்லது தவறான வரியைக் கண்டுகொள்ளாமல் விடலாம். சரியானதைத் தவறு என்று இரண்டு முறை சொன்னால் பயன்படுத்துபவர் கருவியையே மூடிவிடுவார். அதனால் உருவாக்குபவர்கள் முதல் வகைத் தவற்றைக் குறைப்பதில்தான் அதிகக் கவனம் செலுத்துகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2014ல் நடத்திய பிழைதிருத்தப் போட்டியில் 28 வகைப் பிழைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதன் மதிப்பீட்டு முறையில், எல்லாப் பிழைகளையும் பிடிப்பதைவிட, சொன்ன திருத்தம் சரியாக இருப்பதற்கு இரண்டு மடங்கு எடை தரப்பட்டது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை. கோடு விழுந்தால் யோசிக்க வேண்டும். கோடு விழவில்லை என்றால் செயலிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று மட்டுமே பொருள். எங்கள் வகுப்புகளில் முதல் நாளே சொல்லிவிட வேண்டிய பாடம் இதுதான் என்று கருதுகிறோம்.

தமிழ் மாணவருக்கு மிகவும் சிக்கலானது ‘எ’, ‘தி’ இரண்டும். செயலி அதிகம் கோடு போடும் இடமும், அதிகம் ஊகிக்கும் இடமும் இதுவே. மேலே உள்ள பத்தியின் கடைசி வரியில் ‘பல்ப் ஃபேக்டரி’க்கு முன் ‘எ’ வருமா, ‘தி’ வருமா? ஏதோ ஒரு மாங்கூழ் ஆலை என்றால் ‘எ’. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆலை என்றால் ‘தி’. எழுதியவர் மனதில் எது இருந்தது என்பது கருவிக்குத் தெரியாது. எது அதிகம் புழங்குகிறதோ அதைப் போட்டுவிடும். மாணவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டால் வாக்கியம் சரியாகிவிடும், ஆனால் ஏன் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமும் அதே இடத்தில் விடுவார்.

இங்கே ஆசிரியரால் முடிவது ஒன்று உண்டு. தமிழில் ‘எ’, ‘தி’ இல்லையென்றாலும் அவை காட்டும் வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. ‘கடையில் புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு வந்தால் ‘தி’யை முயன்று பார், வராவிட்டால், எண்ணக்கூடிய ஒரு பொருளுக்கு ‘எ’ போட்டுப் பார். ‘தண்ணீர் குடித்தேன்’ என்பதில் உருபும் இல்லை, தண்ணீர் எண்ணக்கூடியதும் இல்லை. அதனால் ஒன்றும் வராது. ‘தண்ணீரைக் குடித்தேன்’ என்றால் ‘தி வாட்டர்’. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. மனிதரைக் குறிக்கும்போது உருபு எப்படியும் வந்துவிடும்: ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்பது ‘எ டாக்டர்’ ஆகவும் இருக்கலாம், ‘தி டாக்டர்’ ஆகவும் இருக்கலாம். எழுவாயாக வரும் பெயருக்கும் இது உதவாது. அங்கே ‘ஒரு’ போட்டுப் பார்த்தோ, ‘அந்த’ போட்டுப் பார்த்தோதான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் இது இலக்கண விதியை மனப்பாடம் செய்வதைவிட மேலானது, ஏனென்றால் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிக்கல் இதே இடத்தில்தான் வருகிறது. அவர்களின் வீட்டு மொழி உதாரணத்தையும் வகுப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த வகை விளக்கத்தை, கோட்டைத் தொட்டால் திறக்கும் செயலியின் திருத்தப் பெட்டியில் பார்க்க முடியாது. அங்கே இருப்பது ‘மிஸ்ஸிங் டிடர்மினர்’ போன்ற ஓர் ஆங்கிலக் குறிப்பு. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு அந்தப் பிழையே வராது.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை வேறு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதனிடம் ‘இதைத் திருத்து’ என்றால் பத்தியையே புதிதாக எழுதிக் கொடுத்துவிடும். பிழையான வரியோடு சரியான வரியும் மாறும். ‘மை அங்கிள் ஹேஸ்’ என்று பிள்ளை சரியாக எழுதியது ‘மை அங்கிள் ஓன்ஸ்’ ஆகும். தன் வரி ஏன் மாற்றப்பட்டது, அது தவறா, இல்லை இன்னொரு விதமா என்று மாணவருக்குப் புரியாது. சரியாக எழுதியதையும் தவறு என்று எண்ணி விட்டுவிடும் பிள்ளைகள் இதனால் உருவாகிறார்கள். பழைய வகைச் செயலி பேசாமல் ஏமாற்றுகிறது என்றால், இது பேசிப் பேசியே குழப்புகிறது.

அதே சமயம், தமிழில் விளக்கம் கேட்கலாம் என்பது இதன் பெரிய வசதி. கேட்கும் விதத்தை மாற்றினால் போதும். நாங்கள் பரிந்துரைக்கும் வாசகம் இது: “நான் தமிழ்வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். கீழே உள்ள பத்தியைத் திருத்தி எழுத வேண்டாம். எந்த வரியில் பிழை, அது என்ன வகைப் பிழை என்று மட்டும் தமிழில் சொல்லவும். மூன்றுக்கு மேல் வேண்டாம். சரியான வரியை விட்டுவிடவும். நான் திருத்தி அனுப்பிய பிறகு சரியா என்று பார்க்கவும்.” பதில் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ‘நான் எழுதியது தவறா, அல்லது இரண்டும் சரியா?’ என்று கேட்க வேண்டும். ‘இல்லை, நான் எழுதியதுதான் சரி’ என்று அழுத்திச் சொன்னால் அது பல நேரம் ஒப்புக்கொண்டுவிடும். அதனால் அதனோடு வாதாடி உண்மையைக் கண்டறிய முடியாது. சந்தேகம் வந்தால், கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்ப்பதே முடிவான வழி. இரண்டும் இணையத்தில் இலவசம்.

எந்தக் கருவியானாலும் முதல் படி காகிதத்தில்தான் நடக்க வேண்டும். ரஃப் நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி, நூறு முதல் நூற்றிருபது சொல். உடனே திருத்தாமல் மறுநாள் வாய்விட்டுப் படித்துத் தானே ஒரு முறை திருத்த வேண்டும். அதன் பிறகே தட்டச்சு. கைப்பேசியில் தட்டச்சு செய்யும் முன் விசைப்பலகை அமைப்புக்குள் போய், ‘டெக்ஸ்ட் கரெக்‌ஷன்’ போன்ற பகுதியில் ‘ஆட்டோ கரெக்‌ஷன்’ என்பதை அணைத்துவிட வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. அது அணையாமல் இருந்தால் பிழை கண்ணில் படும் முன்பே மாறிவிடும். தான் பிழை செய்ததே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். செயலியில் ஆங்கில வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பிரிட்டிஷ் என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் பாடநூலில் ‘யு’ சேர்த்து எழுதியிருக்கும் ‘கலர்’ என்ற சொல்லுக்கே கோடு விழும்.

கோடுகள் தெரிந்ததும் திருத்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. கோடு விழுந்த இடங்களை நோட்டில் பென்சிலால் மட்டும் குறித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் தானே திருத்த வேண்டும். முடியாதவற்றுக்கு மட்டும் பெட்டியைத் திறக்கலாம். பெண்ணாகரம், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்ப்பெயர்களுக்குக் கோடு விழுந்தால் ‘அகராதியில் சேர்’ என்பதைத் தொட்டால் போதும். செயலி சொல்கிறது என்று பிள்ளை தன் ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. ‘வான்டட்லி’ போன்ற நம் ஊர்ச் சொல்லுக்கு எழுத்துப்பிழை என்று கோடு வரும். அங்கே எழுத்தை மாற்றிப் பயனில்லை, ‘ஆன் பர்பஸ்’ என்று சொல்லையே மாற்ற வேண்டும்.

பின்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான்கு நெடுவரிசை: எழுதியது, தமிழில் நினைத்தது, திருத்தியது, காரணம். இரண்டாவது நெடுவரிசைதான் உயிர். ‘ஈஸ் ஹேவிங்’ என்று எழுதிய பிள்ளை அங்கே ‘வைத்திருக்கிறார்’ என்று எழுதும்போதே, அந்த ‘இருக்கிறார்’தான் ‘ஈஸ்’ ஆகி உள்ளே வந்துவிட்டது என்று அதற்கே தெரிந்துவிடும். ஒரு கட்டுரைக்கு மூன்று பிழை போதும். பதினைந்தையும் எழுதச் சொன்னால் அது தண்டனை ஆகிவிடும்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க, திருத்திய கட்டுரையைப் பார்க்கக் கூடாது. 1996ல் ஜான் டிரஸ்காட் என்ற அறிஞர், இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, அதைக் கைவிடலாம் என்றே எழுதினார். டானா ஃபெரிஸ் என்ற ஆய்வாளர் 1999ல் அதை மறுத்து எழுதினார். வாதம் நெடுநாள் நடந்தது. டிரஸ்காட்டின் முடிவை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் தரப்பு எழுப்பிய ஒரு கேள்வி இந்தச் செயலிகளுக்கு அப்படியே பொருந்தும்: சொன்ன திருத்தத்தைப் போட்டால் அந்தக் கட்டுரை நன்றாகத்தான் ஆகும், அது கற்றதற்குச் சான்றா? இரண்டு வாரம் கழித்து, செயலி இல்லாமல், வேறு தலைப்பில் எழுதச் சொல்ல வேண்டும். ‘எ’, ‘தி’ பற்றி முடிவு எடுக்க வேண்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை சரி என்று எண்ண வேண்டும். முன்பு இருபதில் எட்டு சரி, இப்போது இருபதில் பன்னிரண்டு என்றால் அது முன்னேற்றம்.

மதிப்பெண் போடும் கருவிகளைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. 1966லேயே அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்பவர் கணினியைக் கொண்டு கட்டுரைக்கு மதிப்பெண் இட முயன்றார். 1999 முதல், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்விலும் அத்தகைய கருவி பயன்பட்டது. பின்னாளில் லெஸ் பெரல்மேன் என்பவர், பொருளே இல்லாத நீண்ட வாக்கியங்களை உருவாக்கும் நிரல் ஒன்றைச் செய்து, அதற்கு உயர்ந்த மதிப்பெண் கிடைப்பதைக் காட்டினார். நீளத்துக்கும் கடினச் சொல்லுக்கும் மதிப்பெண் தரும் எதையும் நம் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது.

இன்னொன்றைக் கவலையோடு சொல்கிறோம். கட்டுரையை மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளைக் கல்லூரிகள் நம்பத் தொடங்கியிருக்கின்றன. 2023ல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலானவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. எளிய சொல், அடுத்து வருவதை ஊகிக்கக்கூடிய வாக்கிய அமைப்பு இரண்டையும் அந்தக் கருவிகள் இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. நம் கிராமத்துப் பட்டதாரி கற்றுக்கொண்டு எழுதும் ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான். அந்தக் கருவி காட்டும் சதவீத எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது அநியாயம். ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். காகிதத்தில் முதலில் எழுதச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். லாங்குவேஜ்டூல் என்ற பிழைதிருத்தும் கருவி திறமூல மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்), விலை இல்லை. அதை ஜாவா என்ற மென்பொருள் உள்ள ஒரு கணினியில் நிறுவி, ஆய்வகத்தின் மற்றக் கணினிகளை அதோடு இணைத்துவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ‘தேர்’ (அங்கே), ‘தெய்ர்’ (அவர்களுடைய) போன்று ஒலியில் குழம்பும் சொற்களை நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் எட்டு ஜிபிக்கு மேல் உள்ள ஒரு தரவுக் கோப்பை ஒரு முறை இறக்கிச் சேர்க்க வேண்டும். மலைப்பகுதிப் பள்ளிகளில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோவது ஒரு பக்கம். மறுபக்கம், விடுப்புக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் பிள்ளையின் பெயர், ஊர், பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். உள்ளூர்க் கணினியில் திருத்தினால் அவை வெளியே போகாது. 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெளிச் செயலிகளைப் பயன்படுத்தினால் பெயர், எண் இருக்கும் இடங்களில் கோடிட்ட இடம் விட்டுத் தட்டச்சு செய்யப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வாரம் ஒரு நாள் மாணவர் பகுதியில் ஐந்து வரி ஒதுக்குங்கள். பிள்ளைகள் எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்று, அதற்குப் பின்னால் இருந்த தமிழ் வாக்கியம், திருத்தம், காரணம். செயலி கோடு போடாமல் விட்ட வாக்கியமாகப் பார்த்து எடுத்து, முதல் இருபது வாரத்துக்கு வேண்டியதை, எழுதியவர் யார் என்று தெரியாதபடி, நாங்கள் தொகுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.